ஹெலி புகாருக்குள் ஏன் அப்படியே நிற்க முடியாது?

போன ஆவணியில் குடும்பமாக நுவரெலியாவுக்குப் போனபோது றம்பொடை ஏற்றத்தில் புகார், அதாவது மூடுபனி, இறங்கியது. இரண்டு வளைவுக்கு முன்னால் தெரிந்த நீர்வீழ்ச்சியையும் தேயிலைச் சரிவையும் காணவில்லை. முன்னால் போன லொறியின் சிவப்பு லைட் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் அக்காவின் மகன் கேட்டான்: "மாமா, ஹெலி எண்டா நிண்ட இடத்திலயே நிக்குமே. புகார் வந்தா அப்பிடியே நிண்டு, மெல்ல மெல்லமா இறங்கினா என்ன? ஏன் போய் மலையில மோதுறாங்கள்? அதுவும் அவ்வளவு அனுபவமான ஆக்கள்?" தமிழ்நாட்டுக் குன்னூரில் இந்தியத் தளபதி பிபின் ராவத் போன ஹெலி பனிக்குள் மறைகிற அந்தச் சிறிய காணொளியை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். நெல்லியடியில் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறவன், மேலோட்டமான பதிலோடு விடமாட்டான். அன்று வாகனத்துக்குள் அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் விமானி இல்லை, தம்பி. வளைகுடா நாடொன்றில் ஹெலிகளின் கருவிகளைத் திருத்தும் பகுதியில் 19 வருடம் வேலை செய்தவன். எங்கள் தலைமுறைக்கு ஹெலிச் சத்தம் என்றால் பதுங்குகுழிக்கு ஓடுவதுதான். பலாலிப் பக்கமிருந்து வருகிற சத்தத்தை வைத்தே எது, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் போகிறது என்று பத்து வயதில் சொல்லிவிடுவோம். அந்தப் பயத்தோடு கூடவே, இது எப்படி அந்தரத்தில் நிற்கிறது என்ற கேள்வியும் எனக்குள் இருந்தது. அந்தக் கேள்விதான் பிறகு என்னை அந்தத் தொழிலுக்குக் கொண்டுபோனது. அதனால் நீ கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

வீட்டில் இருக்கிற தும்புத்தடியை எடுத்து உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பார். கொஞ்சம் பழகினால் அரை நிமிடம் நிறுத்தலாம். உன் கண் தடியின் நுனியிலேயே இருக்கும், நுனி சாய்கிற பக்கத்துக்குக் கை தானாக ஓடும். இப்போது கண்ணை மூடு. இரண்டு மூன்று செக்கனுக்குள் தடி விழும். ஹெலி அந்தரத்தில் நிற்பதும் ஏறத்தாழ இதே வித்தைதான். தூரத்திலிருந்து பார்க்கிற எங்களுக்கு ஆணி அடித்து மாட்டியது போலத் தெரியும். உள்ளே இருக்கிறவருக்கு ஓய்வே இல்லை. வலது கையில் சைக்கிளிக் (ஹெலியைச் சாய்த்து நகர்த்துகிற பிடி), இடது கையில் கொலெக்டிவ் (ஏற்றி இறக்குகிற பிடி), இரண்டு காலிலும் பெடல் (மூக்கைத் திருப்ப). ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்த வேண்டும். கொலெக்டிவைத் தூக்கினால் ஹெலி ஏறும், கூடவே மூக்குத் திரும்பும். பெடலை மிதித்தால் மூக்கு நிற்கும், ஹெலி பக்கவாட்டில் வழுக்கும். அதைச் சைக்கிளிக்கால் பிடித்தால் உயரம் குறையும். இப்படியே போகும்.

இவ்வளவு திருத்தத்தையும் அவர் கண்ணால்தான் செய்கிறார். புதிதாகப் பழகுகிற விமானிகளை ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கட்டுப்பாட்டைக் கொடுத்த மறுகணமே ஹெலி ஒரு பக்கம் வழுக்கும், அதைப் பிடிக்கப் போய் மற்றப் பக்கம் இன்னும் அதிகமாக வழுக்கும். ஆசிரியர் சொல்லும் வழி எப்போதும் ஒன்றுதான்: காலடியைப் பார்க்காதே, தூரத்தில் ஒரு மரத்தையோ கட்டிட மூலையையோ பார். தூரத்துப் பொருள் அசைகிறதா என்று பார்த்துத்தான் தான் அசைவதை விமானி அறிகிறார். புகாருக்குள் அந்த மரமும் இல்லை, மூலையும் இல்லை. ஹெலி மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் பின்பக்கமாக வழுக்கினாலும் கண்ணாடிக்கு வெளியே அதே வெள்ளைதான். ஆகவே புகாருக்குள் நின்று பார்த்துவிட்டு இறங்கலாம் என்பது பெரும்பாலான ஹெலிகளில் நடக்காத காரியம். இன்றைய சில மீட்புப் பணி ஹெலிகளில் கை வைக்காமலே ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிற தன்னியக்கக் கருவி உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பறக்கிற பழைய ஹெலிகளில் அது இல்லை. அது இருந்தாலும், கீழே இருப்பது வெட்டையா, மின்கம்பியா, சரிவா என்று அதற்குத் தெரியாது.

சரி, கண் தெரியவில்லை என்றால் உடம்புக்காவது தெரியாதா, சாய்கிறோம் என்று? இதை நீயே சோதித்துப் பார்க்கலாம். கடையிலோ ரியூசன் கொட்டிலிலோ இருக்கிற சுழல் நாற்காலி ஒன்று போதும். நுவரெலியாவால் வந்த மறுகிழமை உன் தம்பியைக் கொண்டு செய்தோமே, ஞாபகம் இருக்கா? கண்ணைக் கட்டி, கட்டைவிரல் இரண்டையும் நீட்டச் சொல்லி, சுற்றுகிற பக்கம் விரலைக் காட்டு என்றேன். இடப்பக்கமாக மெல்ல, ஒரே சீராகச் சுற்றினேன். முதலில் சரியாக இடப்பக்கம் காட்டினான். கால் நிமிடம் போக, விரல் தளர்ந்து நடுவுக்கு வந்தது. "இப்ப நிக்குது" என்றான். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு நாற்காலியைப் பிடித்து நிறுத்தினேன். உடனே விரல் வலப்பக்கம் பாய்ந்தது. "மற்றப் பக்கம் சுத்துறீங்கள், கெதியா சுத்துறீங்கள்" என்று கத்தினான். அசையாத நாற்காலியில் இருந்துகொண்டு விழாமலிருக்க இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய காது அவனுக்கு அப்படித்தான் சொன்னது.

உட்காதில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் பின்தங்கும், அதனால் அங்கிருக்கிற மெல்லிய மயிர் உணரிகள் வளையும், மூளை "திரும்புகிறோம்" என்று அறியும். திருப்பம் சீராகத் தொடர்ந்தால் 10, 20 செக்கனுக்குள் திரவமும் சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். உணரி நிமிரும், நிற்பது போல இருக்கும். நின்றதும் திரவம் மட்டும் ஓடும், எதிர்ப்பக்கம் சுற்றுவது போல இருக்கும். இதைவிட ஆபத்தானது மெதுவான சாய்வு. செக்கனுக்கு ஏறத்தாழ 2 பாகைக்குக் குறைவாகச் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. 15 செக்கனில் அது 30 பாகை. கோப்பையில் இருக்கிற தேநீர்கூட நேராகவே தெரியும், ஏனென்றால் திருப்பத்தில் எடை உணர்வு இருக்கையை நோக்கியே இருக்கும். விமானிக்குத் தான் நேராகப் போவதாகவே இருக்கும். ஹெலி சாய்ந்து, திரும்பி, இறங்கிக்கொண்டிருக்கும்.

காரில் அல்லது கப்பலில் இந்த ஏமாற்றம் எங்களைக் கொல்லாது, தரையோ தண்ணீரோ தாங்கிக்கொள்ளும். அந்தரத்தில் அப்படித் தாங்க எதுவும் இல்லை.

இதற்காகத்தான் செயற்கை அடிவானம் என்ற கருவி இருக்கிறது. என் கையால் நூற்றுக்கணக்கில் திறந்து மூடியது. உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி. மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி மண்ணிறம், நடுவில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு முன்னால் சின்ன விமான அடையாளம். பழைய வகைகளில் உள்ளே ஒரு கைரோ, பம்பரம் மாதிரி, நிமிடத்துக்கு 20,000 தடவை அளவில் சுற்றும். மேசையில் வைத்து மின்சாரத்தை நிறுத்தினால் பல நிமிடங்களுக்கு அதன் மெல்லிய விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்கும். ஹெலி எப்படிச் சாய்ந்தாலும் பம்பரம் நிமிர்ந்தே நிற்கும். ஆகவே காது என்ன சொன்னாலும் நீலம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும்.

போதும் என்று எழுதுவது லேசு. உடம்பு முழுக்க "வலப்பக்கம் விழுகிறாய்" என்று அலறும்போது, ஒரு சின்ன வட்டத்தை நம்பிக் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும், அதுவும் விடாத பழக்கம். 1954இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கருவியை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். வெளியே தெரியாதபடி செய்து, விமானத்தை அவர்களிடம் விட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 செக்கன். ஒருவர் 20 செக்கனிலேயே. அந்தச் சோதனையின் மற்றப் பாதியை ஆட்கள் அதிகம் சொல்வதில்லை: அதே ஆட்களுக்குச் சில மணி நேரம் பயிற்சி கொடுத்தபோது, வந்த வழியே திரும்பி வெளியேற அநேகமாக எல்லோராலும் முடிந்தது. அது சிறகு வைத்த விமானம், கையை எடுத்தாலும் ஓரளவு தன்பாட்டில் நேராகப் போகும். ஹெலி அப்படி இல்லை. விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க ஹெலிகொப்டர் பாதுகாப்புக் குழு விமானிகளுக்குச் சொல்லும் எண் 56 செக்கன்.

கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலி இதற்கு நன்றாகப் பதிவான சாட்சி. 2020 ஜனவரி 26, கலிபோர்னியாவின் கலபாசஸ் குன்றுகள், 9 பேர். தாழ்ந்த முகிலுக்குக் கீழே நெடுஞ்சாலையைப் பார்த்துப் பார்த்துப் போன விமானி, ஒரு கட்டத்தில் முகிலுக்கு மேலே போய்விட முடிவுசெய்தார். 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று கட்டுப்பாட்டாளருக்குச் சொன்னார். அதைச் சொல்கிற நேரத்தில் ஹெலி இடப்பக்கம் சாய்ந்து இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு நிமிடத்துக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் குன்றில் விழுந்தது. இயந்திரத்தில் பழுது இல்லை. விமானிக்கு 8,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம், கருவிப் பறப்புத் தகுதியும் இருந்தது. ஏறுகிறேன் என்று அவர் சொன்னது அவரைப் பொறுத்தவரை உண்மை, காது அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

இனி மலைக்கு வருவோம். குடாநாட்டில் வளர்ந்த எங்களுக்கு முகில் என்றால் மேலே இருப்பது. நுவரெலியாவில் உன் முகத்தில் ஈரமாக ஒட்டியதும் அதே முகில்தான், நாங்கள்தான் அதன் உயரத்துக்கு ஏறிப்போயிருந்தோம். நாங்கள் சோளகம் என்று சொல்கிற அந்தத் தென்மேல் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழி இல்லை. ஏறுகிற காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை குளிரும். குளிர்ந்து பனிபடுநிலைக்கு, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, வந்ததும் முகில் பிறக்கும். அடிவாரத்தில் வெப்பநிலை 28 பாகை, பனிபடுநிலை 22 பாகை என்றால், ஏற ஏறப் பனிபடுநிலையும் கொஞ்சம் குறைவதால், முகிலின் அடி 600 இல்லை, ஏறத்தாழ 750 மீற்றர் மேலே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கணக்கை நீயே போட்டுப் பார். கம்பளையில் வெயில் காய, றம்பொடையில் ஏன் லைட் போட வேண்டி வந்தது என்று விளங்கும். அதே காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்குகிறது. அதனால்தான் அன்று வெலிமடைப் பக்கம் வானம் வெளித்திருந்தது.

விமானி அடிவாரத்திலிருந்து புறப்படும்போது தலைக்கு மேலே நல்ல இடைவெளி. பள்ளத்தாக்கு வழியே போகப் போகத் தரை ஏறிவருகிறது, முகிலின் அடி அதே உயரத்தில் இருக்கிறது. இடைவெளி ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் மலைச் சுவர். ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் முகில் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் திரும்ப முடியுமா?

உன் வட்ட இயக்கப் பாடத்தை எடு. வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு ஆர்முடுகலையும் சாய்வுக் கோணத்தின் தாஞ்சனையும் பெருக்கி வருவதால் வகுத்தால் திரும்பும் வட்டத்தின் ஆரை வரும். மணிக்கு 220 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 61 மீற்றர். 30 பாகை சாய்த்துத் திரும்பினால் ஆரை ஏறத்தாழ 660 மீற்றர், வட்டத்தின் விட்டம் 1.3 கிலோமீற்றர். பள்ளத்தாக்கு அதைவிட ஒடுக்கம் என்றால் திரும்ப இடமில்லை. இப்போது வேகத்தைப் பாதியாக்கு. வர்க்கம் என்பதால் விட்டம் காற்பங்காகும், 330 மீற்றர் போதும். அதோடு, முன்னால் 500 மீற்றர்தான் தெரிகிறது என்றால் முதல் வேகத்தில் உனக்கு இருப்பது 8 செக்கன், பாதி வேகத்தில் 16 செக்கன். மலைப் பறப்புப் பழக்குகிறவர்கள் பள்ளத்தாக்கின் நடுவால் போகாதே, ஒரு கரையோடு ஒட்டிப் போ என்பார்கள். திரும்ப முழு அகலமும் கையில் இருக்கும் என்பதற்காக. இதையெல்லாம் முகில் தெரியும் முன்பே செய்திருக்க வேண்டும், தெரிந்த பிறகு செய்ய நேரமில்லை.

குன்னூரில் நடந்ததை இந்தக் கணக்கோடு பார். 2021 டிசம்பர் 8, சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11:48க்கு மி-17வி5 ஹெலி புறப்பட்டது. இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேர். வெலிங்டனில் 12:15க்கு இறங்க வேண்டும். 12:08 அளவில் தொடர்பு அறுந்தது. இன்னும் 7 நிமிடம். நீலகிரி ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த காணொளியில் ஹெலி பனிக்குள் போவதும் பிறகு சத்தமும் மட்டும் இருக்கிறது. முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்னது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவு இல்லை. எதிர்பாராமல் காலநிலை மாறி, முகிலுக்குள் புகுந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது. அதனால் ஹெலி கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது. நீ கேட்ட "அனுபவமான ஆக்கள்" என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை. அவ்வளவு பெரிய மனிதரைக் கொண்டுபோக அனுபவம் குறைந்தவரை அனுப்பமாட்டார்கள்.

ஈரான் ஜனாதிபதி ரைசி போன பெல் 212, 2024 மே 19இல் கிழக்கு அசர்பைஜான் மாகாண மலையில் மோதியதும் இதே குடும்பம்தான். மூன்று ஹெலிகள் ஒன்றாகப் போயின. முகிலுக்கு மேலே ஏறுங்கள் என்று மற்ற இரண்டுக்கும் சொன்னவர் ஜனாதிபதியின் ஹெலி விமானியே என்று கூடப்போன அவரது அலுவலகத் தலைவர் பிறகு சொன்னார். மற்ற இரண்டும் மேலே வந்தன. நடுவில் போனது வரவில்லை.

"கட்டுப்பாட்டில் இருந்தபடியே மோதுவது" என்ற சொல்லை நீ கவனித்திருப்பாய். குன்னூரில் தடுமாற்றமும் சேர்ந்துகொண்டது. வழக்கமாக இந்த வகையில் விமானிக்குத் தலை சுற்றாது, ஹெலி சாயாது, எல்லாக் கருவியும் சரி, ஆனால் முன்னால் மலை இருப்பது தெரியாது. இது கோபி பிரையன்ட் வகையிலிருந்து வேறு. எங்கள் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு, ஹெலி இல்லை, விமானம். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கட்டுநாயக்க நோக்கி வந்த டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்து இறக்கினார்கள், உண்மையில் மலைநாட்டுக்கு மேலே இருந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்பதில் மட்டும் பிழை. அட்டன், மஸ்கெலியாப் பக்கம் வயதானவர்கள் இன்றைக்கும் அந்த இரவைப் பற்றிக் கதைப்பார்கள்.

அமைச்சர் அஷ்ரப் போன மி-17 ஹெலி 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்க ஊரகந்தை மலையில் விழுந்ததையும் நீ கேட்டாய். அதன் காரணம் பற்றிய சந்தேகமும் விவாதமும் இன்னும் ஓயவில்லை. அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

ராடர் இல்லையா என்றும் கேட்டாய். சுருக்கமாகச் சொல்கிறேன். தரையிலிருக்கிற ராடர் நேர்கோட்டில்தான் பார்க்கும், மலைக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் போகிற ஹெலி அதற்குத் தெரியாது. ஹெலியில் இருக்கிற காலநிலை ராடர் மழைத்துளியைக் காணும், புகாரின் நுண்துளி அதற்குச் சின்னது. ரேடியோ உயரமானி நேர் கீழே மட்டும் அளக்கும். தரை சரிவாக எழும்பினால் அது எச்சரிக்கும்போது நேரம் போயிருக்கும். நல்லது என்றால், செய்மதி இடங்காட்டியையும் மலைகளின் வரைபடத்தையும் சேர்த்து முன்னால் உள்ள மேட்டைச் சொல்கிற கருவிதான். அமெரிக்காவில் நோயாளர் காவு ஹெலிகளுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எல்லா ஹெலிக்கும் அதைப் பூட்ட வேண்டும் என்பதே என் கருத்து. கருவியின் விலையைக் காட்டிப் பின்னடிக்கிறவர்களோடு வேலைக் காலத்தில் நிறைய வாதாடியிருக்கிறேன்.

அப்படியென்றால் பெரிய விமானங்கள் முகிலுக்குள்ளால் போகின்றனவே? அவை மலைக்கு மேலே, விதித்த உயரத்தில் போகும். மலைப் பகுதியில் அந்த வழியிலுள்ள அதியுயர்ந்த முகட்டுக்கு 2,000 அடி மேலே என்பது வழக்கமான கணக்கு. இறங்கும் இடத்தில் கருவியைப் பார்த்து இறங்க வானொலி வழிகாட்டல் இருக்கும். பலாலியிலிருந்து புறப்படுகிற விமானம் போகிற இடம் இன்னொரு விமான நிலையம். ஹெலி போகிற இடம் பாடசாலை மைதானம், தோட்டத்துக் காணி, வெள்ளத்தில் தவிக்கிற ஊர். அங்கே வழிகாட்ட எதுவும் இல்லை, கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அதனால்தான் விமானி முகிலுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறார். ஹெலியால் எங்கும் இறங்க முடியும் என்ற அந்தச் சிறப்பே அவரைப் பள்ளத்தாக்குக்குள் இழுக்கிறது.

உன் கடைசிக் கேள்வி, அனுபவம். நான் பார்த்தவரை அனுபவம் இரண்டு பக்கமும் வெட்டும். பத்துத் தடவை மெல்லிய புகாருக்குள்ளால் போய் மறுபக்கம் வெளிச்சத்தைக் கண்டவருக்குப் பதினோராவது தடவையும் மறுபக்கம் இருக்கும் என்றே தோன்றும். கூடவே, போக வேண்டிய இடம் கிட்ட வரவரத் திரும்புவது கடினம். பின்னால் பெரிய ஆள் இருக்கிறார், அங்கே வரவேற்பு மேடை காத்திருக்கிறது. யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. கோபி பிரையன்ட் விபத்தில், விமானி தனக்குத்தானே போட்டுக்கொண்ட நெருக்கடிதான் ஒரு காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை சொன்னது. பயணி அவரை அவசரப்படுத்தியதாக எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

எங்கள் தளத்தில் ஒரு மூத்த விமானி இருந்தார். புறப்பட முன்பே காகிதத்தில் இரண்டு எண் எழுதித் தொடையில் கட்டிய பலகையில் குத்திக்கொள்வார்: இந்த வேகத்துக்குக் குறைய நேர்ந்தால், அல்லது இந்த உயரத்துக்குக் கீழே இறங்க நேர்ந்தால், திரும்புவேன். வேகத்தை 30 நொட் (மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றர்) குறைக்க வேண்டி வந்தாலே காலநிலை என்னைத் தள்ளுகிறது என்று பொருள், அதற்கு மேல் யோசிக்க மாட்டேன் என்பார். யோசிக்கிற வேலையை நிலத்தில் முடித்துவிட்டு ஏறினார். ஒரு தடவை மணல் புகார் வந்து, பயணிகளோடு நடு வெட்டையில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து வந்தார். மேலதிகாரி ஒருவர் அவர் மேல் பாய்ந்தார். அன்று பின்னேரம் நான் அந்த ஹெலியின் கருவிகளைப் பார்க்கப் போனேன், எல்லாம் நல்லாக இருந்தது. அந்த இறக்கத்தால் சேதமானது பயணிகளின் சப்பாத்துகள் மட்டும். ஹெலியால் எங்கும் இறங்க முடியும் என்ற சிறப்பை அவர்தான் சரியாகப் பாவித்தார் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மீறி முகிலுக்குள் போய்விட்டால், பழக்குகிற ஒழுங்கு இது: முதலில் செயற்கை அடிவானத்தைப் பார்த்து நேராக்கு. திசையைப் பிடித்துக்கொள், திரும்பாதே, பக்கத்தில் மலை இருப்பது தெரிந்தால் மட்டும் அதிலிருந்து விலகு. ஏறுவதற்கான விசையைக் கொடு. வேகத்தைச் சரிசெய். முகட்டுக்கு மேலான உயரம் வரும்வரை ஏறு. அதற்குப் பிறகுதான் வானொலியில் கதை. நுழைந்த முதல் செக்கனிலேயே கண்ணை வெளியிலிருந்து எடுத்துக் கருவிக்குக் கொண்டுவர வேண்டும். வெளியே ஏதாவது தெரியாதா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கிற நேரத்திலேயே சாய்வு தொடங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்பதால் இந்த ஆபத்து இங்கே இல்லை என்று நினைக்காதே. காற்றே இல்லாத காலையில் கசூரினாக் கடற்கரையில் நின்று பார். கடலும் வானமும் ஒரே சாம்பலாகச் சேர்ந்து, தூரத்தில் நிற்கிற வள்ளம் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். நெடுந்தீவுப் பக்கம் அப்படிப்பட்ட காலையில் தாழப் பறக்கிறவருக்கு அடிவானமும் இல்லை, தண்ணீர் எவ்வளவு கீழே என்ற அளவும் இல்லை.

தை மாதம் வல்லை வெளியில் விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறாய்தானே. லைட்டை உயர்த்தினால் வெள்ளைச் சுவர் இன்னும் கிட்ட வரும், பதித்தால் மூன்று முழம் தார் தெரியும். நீ என்ன செய்வாய்? வேகத்தைக் குறைப்பாய், தாங்காவிட்டால் காலை ஊன்றி ஓரத்தில் நிற்பாய். ஹெலி விமானிக்கு ஊன்றக் கால் இருப்பது, புகார் மூடும் முன்னால் தெரிகிற அந்த வெட்டை நிலத்தில் மட்டும்தான்.

பழைய செயற்கை அடிவானம் ஒன்று என் அலுமாரிக்குள் கிடக்கிறது. பம்பரம் இன்னும் சுற்றும், தாங்கிதான் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. சனிக்கிழமை ரியூசன் முடிய வா, கழற்றிக் காட்டுகிறேன். தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, இந்தமுறை நாற்காலியில் உன்னை இருத்திச் சுற்றப் போகிறேன்.